சல்யூட் அடிக்கத் தெரிகிறது, கணக்குக் கேட்கத் தெரியவில்லை!

எல்லையில் ஏதாவது நடந்தால் போதும், நம்ம எம்.பி.க்கள் கட்சி பேதமில்லாமல் வீரர்களுக்குத் தலை வணங்குவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வீரர் கையில் இருக்கும் ஆயுதம் எந்தக் காலத்தது, அவர் ஓய்வு பெற்ற பிறகு கதி என்ன என்று கேட்க வேண்டிய நாளில் எங்கே போய்விடுகிறார்கள்?

சும்மா சொல்லவில்லை. 2018 மார்ச் 13 அன்று பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஓர் அறிக்கை கொடுத்தது. ராணுவத் துணைத் தளபதியே குழுவிடம் சொன்ன கணக்கு அதில் இருந்தது. தரைப்படைத் தளவாடங்களில் 68 சதவீதம் பழசு, அதிநவீனமானவை வெறும் 8 சதவீதம். நவீனமயமாக்க ஒதுக்கியது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்குக் கட்ட வேண்டியதோ 29,033 கோடி! பி.காம். முதல் வருஷப் பையனிடம் காட்டினால்கூட, "பழைய பாக்கிக்கே பணம் இல்லை, புதுச் சரக்கு எப்படி வாங்குவீங்க?" என்று கேட்பான்.

லோக்சபா கேட்டதா? மறுநாளே, மார்ச் 14-ல், பாதுகாப்பு உட்பட எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளும் 'கில்லட்டின்' முறையில் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறின. சபையில் ஒரே அமளி. நம்ம ஊர் எம்.பி.க்கள் காவிரிக்காகக் கோஷம் போட்டார்கள். கோரிக்கை நியாயம்தான். ஆனால் அந்த அமளியில் ஆளுங்கட்சிக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சமானது. அதே வருஷம் செப்டம்பரில் நிலைக்குழுத் தலைவர் பி.சி. கந்தூரி மாற்றப்பட்டார். அவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல், ஆளுங்கட்சி எம்.பி.யும்கூட!

உடனே ஒரு கோஷ்டி கிளம்பும்: "இதெல்லாம் ராணுவ ரகசியம், வெளியே பேசலாமா?" பீரங்கி எங்கே நிற்கிறது என்பது ரகசியம். பாக்கி எவ்வளவு என்பது எப்படி ரகசியமாகும்? தீவிரப் போர் வந்தால் 40 நாளைக்குத் தாங்கும் வெடிமருந்து இருக்க வேண்டும் என்பது விதி. 2013 மார்ச் நிலவரப்படி பாதி வகைகள் 10 நாளைக்குக்கூடத் தேறாது என்று 2015-ல் பகிரங்கமாகவே சொன்னது சிஏஜி. 2017 அறிக்கையிலும் 40 சதவீத வகைகள் அதே நிலையில்தான் இருந்தன. ஆடிட்டர் இரண்டு முறை எழுதியும் பேலன்ஸ் ஷீட்டைப் படிக்காமல் கைதூக்கும் பங்குதாரரை என்னவென்று சொல்வது?

ஓய்வு பெற்றவர்கள் கதை இன்னும் மோசம். பணியில் உடல் ஊனமானவர்களுக்குத் தீர்ப்பாயம் கூடுதல் ஓய்வூதியம் கொடுக்கச் சொன்னால், அரசு சுப்ரீம் கோர்ட் வரை போய் எதிர்த்தது. 2014 டிசம்பரில் அப்படிப்பட்ட சுமார் 880 அப்பீல்களைக் கோர்ட் ஒரேயடியாகத் தள்ளுபடி செய்தது. ஊனமான சிப்பாயோடு வழக்காட நம்ம வரிப்பணத்தில் வக்கீல் ஃபீஸ்! இதை நிறுத்தச் சொல்லி முதலில் குரல் எழுப்பியிருக்க வேண்டியது யார்? நாடாளுமன்றம்தானே?

அவர்களால் முடியாதது இல்லை. முன்னாள் ராணுவத்தினரின் 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' கோரிக்கையை ராஜ்யசபா மனுக்கள் குழு விசாரித்து, 2011-லேயே நியாயம் என்று சொன்னது. அரசாணை வர 2015 நவம்பர் ஆனது. அதற்குள் அந்த முதியவர்கள் ஜந்தர் மந்தரில் உண்ணாவிரதம் இருக்க வேண்டி வந்தது. குழுக்கள் வேலை செய்கின்றன, சபைதான் காதில் வாங்குவதில்லை.

என்னைக் கேட்டால், பாதுகாப்பு மானியக் கோரிக்கை கில்லட்டினுக்கே போகக்கூடாது. வருஷத்தில் ஒரு முழு நாள், நிலைக்குழு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விவாதம் நடக்க வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் எம்.பி. "ஜெய் ஹிந்த்" சொன்னால் நாமும் திருப்பிச் சொல்லுவோம். கூடவே ஒரு கேள்வி: "சார், அந்த அறிக்கையை ஒரு தடவையாவது படிச்சீங்களா?"