45-ம் நாள் ஊசியும் ஒரு கேள்வியும்



தாம்பரம், சேலையூர், பல்லாவரம், மேடவாக்கம் என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் பெயர் போடாதவற்றைத் தனியாக எடுத்து வைப்பேன். அவற்றில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது: "குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிறது. இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறைகூட மாதவிலக்கு வரவில்லை. ஆனால் சில நாட்களாகக் காலையில் குமட்டுகிறது. பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது கரு நிற்காது என்கிறார் அம்மா. சரிதானா?"

இந்த மாதம் என் பக்கம் முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான். கரு நிற்கலாம், தோழி. மாதவிலக்கு திரும்பி வருவதற்கு முன்பே நிற்கலாம். மருந்துக் கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை ஒன்று வாங்கி, நாளைக் காலை முதல் சிறுநீரில் பார்த்துவிடுங்கள். பால் கொடுப்பதால் அந்தப் பரிசோதனை தப்பாகக் காட்டாது.

அதற்காக அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னது வெறும் பேச்சல்ல. குழந்தை மார்பில் வாய் வைத்துச் சப்பும்போதெல்லாம் தாயின் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. கருமுட்டையை முதிரச் செய்ய மூளையிலிருந்து சீரான இடைவெளியில் போகவேண்டிய தூண்டுதல் அந்தச் சமயத்தில் சீர்குலைகிறது. முட்டை வெளிவருவதில்லை; மாதவிலக்கும் வருவதில்லை. 1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் கூடிய வல்லுநர்கள் இதை ஆராய்ந்து, மூன்று நிபந்தனைகளோடு ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. தாய்க்கு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. குழந்தை முழுக்க முழுக்க, அல்லது ஏறக்குறைய முழுக்க, தாய்ப்பாலையே நம்பியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. ஒன்று நழுவினாலும் அன்றிலிருந்து வேறு கருத்தடை வேண்டும். ஏழு மாதக் குழந்தையை வைத்திருக்கும் கடிதத் தோழிக்கு முதல் நிபந்தனையே போய்விட்டது.

மூன்றாவது நிபந்தனையைத்தான் நம்மில் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாமல் குழந்தை பால் குடிக்க வேண்டும். இரவுப் பாலுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு, ஏனென்றால் இரவில்தான் புரோலாக்டின் அதிகம் சுரக்கிறது. "பிள்ளை ராத்திரி முழுக்கத் தூங்குது, தங்கமான பிள்ளை" என்று நாம் பூரித்துப்போகும் வாரத்திலிருந்தே பாதுகாப்பு குறையத் தொடங்கியிருக்கலாம்.

நம் புறநகர் வாழ்க்கையில் இந்த நிபந்தனை எத்தனை நாள் தாங்கும்? தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். வலியோடு படுத்திருக்கும் பெண்ணுக்குப் பால் இறங்கத் தாமதமானால் மூன்றாம் நாளே பவுடர் பால் டப்பா வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தபின் பாட்டியின் கையால் கொஞ்சம் வெந்நீர், கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணி. தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் தையல் மெஷினிலும் பாகம் பொருத்தும் மேசையிலும் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம் பேறுகால விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முன்பே அதில் சில வாரங்களை எடுத்திருந்தால், குழந்தைக்கு நாலு, நாலரை மாதத்திலேயே அவர் ஷிப்ட்டுக்குத் திரும்பிவிடுகிறார். எட்டு மணி நேர வேலை. போக வர பஸ், ஷேர் ஆட்டோ, மின்சார ரயில். பாலை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகும் தாய்மார்கள் பாராட்டுக்குரியவர்கள்; குழந்தைக்கு அது அமுதம். ஆனால் கருத்தடை விஷயத்தில், குழந்தை நேரடியாகச் சப்பும்போது கிடைக்கும் தூண்டுதலைப் பம்ப் அதே அளவுக்குத் தருவதில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கிறேன். நம் பாட்டிகளின் காலத்தில் தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதமே தாய்வீடு போனால், குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் புகுந்தவீடு திரும்புவார்கள். பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, இரவெல்லாம் பால், நடுவில் கணவர் வந்து பார்த்துவிட்டுப் போவதோடு சரி. இடைவெளியை உண்டாக்கியதில் தாய்ப்பாலுக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் பிரிவுக்கும் அவ்வளவு பங்கு இருந்திருக்க வேண்டும். இப்போது சிட்லபாக்கத்திலோ முடிச்சூரிலோ இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு அம்மாதான் மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து, ஒரு மாதம் இருந்து பார்த்துவிட்டுப் போகிறார். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் சேர்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எனக்குப் பிடித்த மாற்றம். ஆனால் பழைய நம்பிக்கையை அப்படியே இந்தப் புதிய வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

மாதவிலக்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கருமுட்டை வெளிவந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வரும். அந்த முதல் முட்டையிலேயே கரு தங்கிவிட்டால் மாதவிலக்கு கண்ணில் படவே படாது. பால் கொடுப்பதால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே மூன்று, நான்கு மாதம் ஓடிவிடும். தாய்ப்பாலே கொடுக்காத பெண்ணுக்கோ, பிரசவமான நான்காவது வாரத்திலேயே முட்டை வெளிவர வாய்ப்பு உண்டு.

அப்படியானால் என்ன செய்வது? தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆபரேஷன். அதே தேசிய குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிரசவத்தோடு ஃபேமிலி பிளானிங் பண்ணியாச்சு என்றால் கதை முடிந்தது. நிறுத்துவதற்கு வழி தெரிந்த அளவுக்கு, முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் நடுவே இடைவெளி விடுவதற்கு நமக்கு வழி தெரியவில்லை. அதைப்பற்றிப் பேசவும் ஆளில்லை. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருடமாவது காத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் தையல் ஆறிக் கர்ப்பப்பை தேறவும், குறைந்துபோன ரத்தம் ஊறவும் அந்த அவகாசம் வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற முறைகள் நிறையவே இருக்கின்றன. காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள், சிசேரியன் என்றால் அப்போதே, பொருத்திக்கொள்ளலாம்; தவறினால் ஆறு வாரம் கழித்து. பாலுக்கு எந்தக் குறையும் வராது. இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: உங்களிடம் விளக்கி, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகே அதைப் பொருத்த வேண்டும். பிரசவ வலியின் நடுவில் நீட்டப்படும் காகிதத்தில் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. எனவே எட்டாம் மாதச் செக்கப்பிலேயே வேண்டுமா வேண்டாமா என்று பேசி முடிவு செய்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியைப் பால் கொடுப்பவர்கள் ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். மாதவிலக்கு ஒழுங்கு தப்பும். ஊசியை நிறுத்திய பிறகு அடுத்த கரு தங்கச் சில மாதங்கள் கூடுதலாக ஆகலாம். இரண்டையும் தெரிந்துகொண்டு போடுங்கள். 'சாயா' மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மருந்து அது. கடைகளில் 'சஹேலி' என்ற பெயரில் பல வருடங்களாக இருக்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அந்தரா, சாயா இரண்டும் அரசு நிலையங்களில் இலவசம். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையையும் டாக்டர் எழுதித் தரலாம். அதைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். 'மாலா-என்' போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் மட்டும் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை வேண்டாம். பால் குறையலாம் என்பதோடு, பிரசவமான முதல் வாரங்களில் ரத்தம் உறையும் ஆபத்தும் அதில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்டதே என்று அவர் அட்டையிலிருந்து கிள்ளி வாங்கிப் போடாதீர்கள். ஆணுறைக்கு இந்தக் கணக்கு எதுவுமே இல்லை. எந்த நாளிலும் பயன்படுத்தலாம்.

அவசரத்துக்கு ஒரு வார்த்தை. பாதுகாப்பில்லாமல் உறவு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் போடும் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையைப் பால் கொடுப்பவர்களும் போடலாம். சீட்டு இல்லாமலே வாங்கக்கூடியதுதான். ஆனாலும் சென்னையிலும் புறநகரிலும் பல வருடங்களாகவே நிறையக் கடைகளில் அது கிடைப்பதில்லை. கேட்டு நிற்கும் பெண்ணை மேலும் கீழும் பார்ப்பது வேறு. எனக்கு ஆத்திரம் வரும் விஷயங்களில் இது ஒன்று. கடை கடையாக ஏறி நேரத்தை விடாமல், அரசு சுகாதார நிலையத்தில் நேராகப் போய்க் கேளுங்கள்.

இத்தனையும் யாரிடம், எப்போது கேட்பது என்கிறீர்களா? புதன்கிழமை காலையில் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். தடுப்பூசி நாள். பழைய வேட்டித் துணியில் சுற்றிய பிள்ளைகளும், கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் எழுதிய அட்டைகளுமாக அம்மாக்களின் வரிசை. 45-ம் நாள் ஊசி போட்டதும் பிள்ளை வீறிட்டு அழும். காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து கையில் கொடுத்து, அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்வார் நர்ஸ். அந்த 45-ம் நாள் ஆறு வாரமும் சில நாட்களும். காப்பர்-டிக்கும் அந்தராவுக்கும் கதவு திறக்கும் சமயம் அதுதான். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நர்ஸிடம் கேட்டுவிடுங்கள்: "சிஸ்டர், எனக்கு என்ன?" பிள்ளையின் எடை, பிள்ளையின் ஊசி, பிள்ளையின் வயிற்றுப்போக்கு எல்லாம் கேட்கும் நாம், நம்மைப்பற்றிக் கேட்க மறந்துவிடுகிறோம். அன்று கேட்கத் தயங்கினால் அரசின் 104 மருத்துவ உதவி எண்ணுக்கு ஃபோன் செய்யலாம்.

இனி, பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு வந்துவிட்டால். முதலில், வெட்கப்பட ஒன்றுமில்லை. 'கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அதற்குள்ளாகவா' என்று கேட்கும் வாய்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். மகப்பேறு டாக்டரை உடனே பாருங்கள். சென்றமுறை சிசேரியன் என்றால் ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சுரப்பது கெட்ட பால், கைப்பிள்ளைக்குச் சேராது என்பார்கள். அது உண்மையில்லை. குறைப்பிரசவமோ ரத்தப்போக்கோ போன்ற சிக்கல் இல்லாதவர்கள் தொடர்ந்து கொடுக்கலாம். பால் அளவு குறையும், ருசி மாறும். ஒரு வயதுக்குள்ளான பிள்ளை என்றால் எடை ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். உங்களுக்கும் கூடுதல் சாப்பாடும் இரும்புச்சத்து மாத்திரையும் கட்டாயம். இந்தக் கர்ப்பத்தைத் தாங்க இப்போது முடியாது என்று நீங்கள் முடிவெடுத்தால், அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டத்தின்படி, கருத்தடை தோற்றுப்போனதைக் காரணமாகக் காட்டி 20 வாரத்துக்குள் ஒரு டாக்டரின் ஒப்புதலோடு செய்துகொள்ளலாம். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய கையெழுத்தே போதும். கணவரின் கையெழுத்து தேவையில்லை. சுயமாக மாத்திரை வாங்கிப் போட்டு உயிரோடு விளையாட வேண்டாம்.

இந்தப் பேச்சு நம் ஊருக்குப் புதிதல்ல. பெரியார் 1930-லேயே 'குடி அரசு' பத்திரிகையில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். நாட்டின் வறுமையைக் குறைக்கவும் தாயின் உடல்நலத்துக்காகவும் மற்றவர்கள் அதை வேண்டினார்கள். அவரோ பெண்ணின் விடுதலைக்காக வேண்டினார். நம் பக்கத்திலேயே செங்கல்பட்டில், உள்ளூர் தலித் பெண்களைக் கொண்டு 1981-ல் தொடங்கிய 'ரூவ்செக்' அமைப்பு கிராமம் கிராமமாகப் பெண்களின் உடல்நலத்தைப் பற்றிப் பெண்களையே பேச வைத்திருக்கிறது. ஊரில் இவ்வளவு பேர் பேசியபிறகும் வீட்டுக்குள் பேச்சு இல்லையென்றால் யாரைக் கேட்பது? கணவர்களைத்தான் கேட்க வேண்டும். புதன்கிழமை வரிசைக்கு மனைவியை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலிலேயே ஃபோனைப் பார்த்தபடி நிற்கும் தம்பிகளே, உள்ளே வாருங்கள். பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டால் அவர் நர்ஸிடம் நிதானமாகப் பேசலாம். குழந்தைகள் போதும் என்று இருவரும் முடிவெடுத்தால், ஆணுக்கான தழும்பில்லாக் கருத்தடைச் சிகிச்சை பெண்ணுக்கான ஆபரேஷனைவிட எளிது. அன்றே வீடு திரும்பலாம். அதன்பிறகு மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும். விந்துப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொன்ன பிறகே அதை விடலாம்.

பெயர் போடாமல் எழுதிய தோழிகள் தொடர்ந்து எழுதுங்கள். குழந்தையின் வயது, பிரசவம் எப்படி நடந்தது, எத்தனை மணிக்கொரு தரம் பால் கொடுக்கிறீர்கள், வேறென்ன கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு உங்களுக்குச் சரியான பதிலை வாங்கித் தர முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்