பர்னாந்துவுக்கு எந்த ஊரு?

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் இருக்கிறது பெரியநாயக்கன்பாளையம். ஜவுளி இயந்திர ஆலை, ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா என்று வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருக்கும் ஊர். வாடகைக்கு வீடு கேட்டு வந்த இளம்பெண்ணின் ஆதார் நகலைப் பார்த்த வீட்டுக்கார அம்மாவுக்குச் சந்தேகம்.

“ஏங்கண்ணு, பெர்னாண்டோன்னு போட்டிருக்குது... நீங்க எந்த ஊருங்க?”

“தூத்துக்குடி, ஆன்ட்டி.”

“அது செரி கண்ணு. அதுக்கு முன்னால?”

“அதுக்கு முன்னாடியும் தூத்துக்குடிதான், ஆன்ட்டி!”

அந்தப் பெண் சொன்னது முழு உண்மை. ஊர் தூத்துக்குடிதான், பெயர் மட்டும்தான் கடல் கடந்து வந்தது.

ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் ஒரு காலத்தில் ஆண்ட விசிகோத் மக்களின் ஜெர்மானிய மொழியில் பிறந்த பெயர் ‘பெர்னாண்டோ’. ‘துணிச்சல்’, ‘பயணம்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது என்பார்கள். கொலம்பஸின் 1492 பயணத்துக்கு ஆதரவு தந்த ஸ்பெயின் மன்னர் பெயரும் இதுதான்.

அங்கே இது ஆளின் பெயர். குடும்பப் பெயராக வரும்போது ‘பெர்னாண்டஸ்’ ஆகிவிடும். ‘பெர்னாண்டோவின் மகன்’ என்று பொருள். ரோட்ரிகோவின் மகன் ரோட்ரிகஸ். நாம் அப்பா பெயரை இனிஷியலாக முன்னால் போடுகிறோம். அவர்கள் பின்னால் ஒட்டினார்கள். நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவர்களுடையது ஏதோ ஒரு பாட்டனோடு நின்றுவிட்டது. ஸ்பெயினில் மிக அதிகம் பேருக்கு உள்ள முதல் பத்துக் குடும்பப் பெயர்களில் பெர்னாண்டஸும் ஒன்று.

தூத்துக்குடிக்கு இது எப்படி வந்தது? 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள், கடலிலும் கரையிலும் நெருக்கடி முற்றியபோது கொச்சியில் இருந்த போர்ச்சுகீசியர்களிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1535 முதல் 1537 வரை ஆயிரக்கணக்கானோர் கத்தோலிக்கர் ஆனார்கள். ஸ்பெயினின் நவார் பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542-ல் அங்கு வந்தார். ஞானஸ்நானத்தோடு பெர்னாண்டோ, ரொட்ரிகோ, பெரைரா போன்ற பெயர்களும் குடும்பங்களுக்குள் வந்தன. இலங்கையில் சிங்களவர், தமிழர் இரு தரப்பிலும் பெர்னாண்டோக்கள் உண்டு. அந்த நாட்டில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் இதுவும் ஒன்று.

தமிழ் நாக்கு இதைப் ‘பர்னாந்து’ ஆக்கிக்கொண்டது. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, 1927-ல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே நகரத்துக்குக் கொண்டுவந்தார். அவருக்கு அங்கே சிலை உண்டு. தாகம் தீர்த்தவரின் பெயர் அந்நியப் பெயர் என்று அந்த ஊரில் யாரும் நினைப்பதில்லை.

அந்த அம்மாவின் ஊர்ப்பெயரையும் கொஞ்சம் பாருங்கள். பாளையம் என்றால் படை தங்கிய இடம். மதுரை நாயக்கர்கள் பாளையப்பட்டு முறையை அமைத்ததும் அதே 16-ஆம் நூற்றாண்டில்தான். நாயக்கர்கள் தெலுங்கு பேசி வந்தவர்கள். இன்று பெரியநாயக்கன்பாளையம் என்ற பெயரில் யாருக்காவது வெளியூர் வாசம் அடிக்கிறதா?

ஏறக்குறைய 490 வருஷம் ஒரே கரையில் வாழ்ந்த பெயருக்கு, இனியும் ‘அதுக்கு முன்னால?’ என்று கேட்கத் தேவையில்லை. கேட்டாலும் தப்பில்லை, பதிலை நம்பிச் சாவியைக் கொடுத்தால் போதும்.