கண் மங்கிய காவலன்

வீட்டு நாய்க்குக் கண் மங்கினால் முதலில் கலங்குவது நாயன்று, அதை வளர்ப்பவர்தாம். "இனி இதனால் என்ன பயன்? காவலுக்கு உதவாது, கஞ்சிக்குத்தான் கேடு" என்பார் ஒருவர். "ஐயோ பாவம், ஓர் ஊசி போட்டு அனுப்பிவிடலாமே" என்று இரங்குவார் மற்றொருவர். முன்னவர் கன்னெஞ்சர், பின்னவர் இளகிய நெஞ்சர் என்று தோன்றும். என் எண்ணத்தில் இருவர் செய்வதும் ஒன்றே. நாயின் நிலையை நாயிடம் கேட்காமல், தம் கண்ணை மூடிப் பார்த்து, "அப்பப்பா, என்ன இருட்டு!" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இதைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு. எங்கள் வீடு ஊத்துக்கோட்டையை அடுத்த சிற்றூரில். நம் ஸ்ரீ சிட்டியிலிருந்து காலையில் கிளம்பிச் சத்தியவேடு வழியாகப் போனால் பகலுணவுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே மணி என்றொரு நாய், வயது 11. தாய் லாப்ரடார், தந்தை தெரு நாய். "கலப்பு மணத்தின் பிள்ளை" என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். ஈராண்டுக்கு முன், அந்தி மயங்கியதும் மணி திண்ணைப் படியில் தயங்கத் தொடங்கியது. பகலில் ஒரு குறையும் இல்லை. சில மாதங்கள் சென்றன, பகலும் இருண்டது.

கண் மங்குவதெல்லாம் ஒரே நோயன்று, நண்பர்களே. ஏழெட்டு வயதைக் கடந்த நாயின் விழியில் நீலம் பாய்ந்த மங்கல் தெரிந்தால், அது பெரும்பாலும் விழியாடி முதுமையால் இறுகுவதன் அடையாளம். பார்வை அவ்வளவாகக் குறைவதில்லை. கண்புரை வேறு. அது பால்போல் வெளுத்து ஒளியையே மறைக்கும். நீரிழிவு கண்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டளவில் அது வந்துவிடுகிறது. (நாய்க்குமா நீரிழிவு என்று கேட்காதீர்கள்; உண்டு.) விழித்திரை நன்றாக இருந்தால் அறுவையால் புரையை நீக்கலாம். உண்ணி கடித்து வரும் காய்ச்சலும் கண்ணைப் பறிப்பதுண்டு. கண்ணுக்குள் இரத்தம் கட்டியிருக்கக் கண்டால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது கண்ணின் உள்ளழுத்தம் ஏறும் நோய். கிளாக்கோமா என்பார்கள். நாய் வாய்விட்டுச் சொல்லாது. சுருண்டு படுக்கும், தலையைத் தொட விடாது, சோற்றை மறுக்கும். நாமோ முதுமை என்று எண்ணிக்கொண்டிருப்போம். சில நாட்களிலேயே பார்வை போய்விடும்; பார்வை போன பின்னும் வலி போகாது. அந்நிலையில் மருத்துவர் கண்ணையே எடுத்துவிடலாம் என்றால் அஞ்ச வேண்டா. நாய்க்கு அது இழப்பன்று, விடுதலை.

மணிக்கு வந்தது விழித்திரைத் தேய்வு. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் அணுக்கள் முதலில் மடிவதால் மாலைக்கண் முந்திக்கொள்கிறது. பரம்பரையில் வருவது, வலியும் இல்லை, மருந்தும் இல்லை. சென்னை வேப்பேரியில் 1903 முதல் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனோம்; அங்கே தெளிவாகச் சொன்னார்கள். திருப்பதியிலும் ஸ்ரீ வெங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகம் 2005 முதல் இருக்கிறது. இந்தப் பக்கத்தார்க்கு இரண்டுமே எட்டும் தொலைவுதான்.

சரி, ஒளி போன பின் மணி என்ன செய்தது? முதல் இரண்டு வாரம் சுவரில் முட்டியது. நின்ற இடத்தில் நின்று ஊளையிட்டது. மூன்றாம் வாரம் முற்றத்தைச் சுற்றி வந்தது. இரண்டு மாதத்தில், பால்காரரின் மிதிவண்டி தெருமுனை திரும்பும்போதே வாலை ஆட்டியது! நாயின் உலகம் நம்முடையதைப்போல் கண்ணால் கட்டியதன்று. மணம் நுகரும் அணுக்கள் அதன் மூக்கில் பத்துக் கோடிக்கும் மேல். நமக்கோ சில பத்து இலட்சங்களே. நம் காது நொடிக்கு 20,000 அதிர்வோடு நின்றுவிட, அதன் காது 45,000 வரை கேட்கிறது. மூக்கும் செவியும் இருக்கையில், மூன்றாந்துணை ஒன்று போனதற்காக முதலிரண்டையும் சேர்த்துப் புதைப்பதா?

வீட்டின் படத்தை அது மனத்தில் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் படத்தை நாம் அழிக்காமலிருந்தால் போதும். தண்ணீர்ச் சட்டி வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். இழுத்துப் போட்ட நாற்காலியைத் திரும்பவும் தள்ளி வைக்க வேண்டும். எங்கள் கொல்லைக் கிணற்றின் சுவர் தாழ்வானது. மூங்கில் தட்டி வைத்து அடைத்தோம். மாடிப்படியின் தலைப்பில் ஒரு சாக்கை விரித்தோம். காலில் சொரசொரப்புப் பட்டதும் மணி நின்றுவிடுகிறது. தொடுமுன் பேச வேண்டும். உறக்கத்தில் சட்டென்று தொட்டால் சாதுவான நாயும் கடித்துவிடும். அது கோபமன்று, அச்சம். தங்கையை அதற்குக் கொலுசால் தெரியும். அம்மாவைக் கரண்டிச் சத்தத்தால் தெரியும். அப்பா பூனைபோல் நடப்பவர். ஆகவே இப்போதெல்லாம் இருமிக்கொண்டே வருகிறார். கன்றுக்குட்டி மட்டும் ஓசையின்றி வந்து இடித்துக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் மணி கட்டினோம்.

அன்பின் மிகுதியால் வரும் தொல்லையும் ஒன்றுண்டு. பார்வையற்ற நாயைக் குழந்தைபோல் தூக்கிச் சுமப்பார்கள். இறக்கி விட்ட இடம் எதுவென்று அறியாமல் அது திகைத்து நிற்கும். தூக்கத்தான் வேண்டுமென்றால், அதன் படுக்கையிலோ தண்ணீர்ச் சட்டியின் அருகிலோ இறக்கிவிடுங்கள். அங்கிருந்து அது தன் வழியைத் தானே எண்ணிக்கொள்ளும். விடுதியில் இருக்கும் நம்மவர் தொலைபேசியில் நாயை அழைத்துப் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. குரல் வருகிறது, மணம் வரவில்லை! மணி என் குரலைக் கேட்டுவிட்டு வீடு முழுவதும் என்னைத் தேடியதாகத் தங்கை சொன்னாள். அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி அந்த "என்ன பயன்" கட்சிக்கு வருவோம். தடா நெடுஞ்சாலையோரம் கழுத்துப்பட்டையோடு திகைத்து நிற்கும் முதிய நாய்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். பசிக்கும் தாகத்துக்கும் இரையாகும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம் என்று 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமே கூறுகிறது. முதற்குற்றத்துக்கு அது வகுத்த தண்டம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. 1960இல் அது ஒரு தொகை. இன்று இரண்டு தேநீரும் இரண்டு வடையும்! கண் தெரியாத நாய்க்கோ அந்தச் சாலை ஓர் இரவுகூடத் தாங்காது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கால்நடை காத்து மடிந்த வீரனோடு அவனுடைய நாய் கோவிவனையும் அதில் செதுக்கி, கள்வரைக் கடித்து நின்றதைப் பேர் சொல்லி எழுதி வைத்தார்கள். உழைத்த நாய்க்குக் கல்லெடுத்த நாட்டில், உழைத்து முடித்த நாய்க்கு ஒரு மூலையும் ஒரு கவளமும் தர யோசிப்பதை என்னென்பது? அதிலும் மணி இன்னும் ஓய்வு பெறவில்லை. அயலார் கால்வைக்குமுன் குரைப்பது முன்னிலும் விரைவாகவே நடக்கிறது.

இரங்கும் கட்சிக்கு என் விடை வேறு. நோவு தீராது, சோறு இறங்காது, எழுந்து நிற்கவும் முடியாது என்ற நிலை வந்தால் ஊசி கருணைதான், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் அப்போது கேட்க வேண்டியது "வலிக்கிறதா?" என்று; "தெரிகிறதா?" என்றன்று.

பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்வோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளையடிக்கும் நாளில் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் தெருவுக்கு வருகிறது. பழைய பாய் எரிகிறது. சுவரெங்கும் சுண்ணாம்பு நெடி. பார்வையற்ற நாய்க்கு அது புது வீடு, புது ஊர். எனவே அதன் படுக்கைத் துணியை மட்டும் துவைக்காமல் விட்டுவையுங்கள். சாமான்கள் உள்ளே போனபின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, பேசிக்கொண்டே, அறை அறையாக இரண்டு முறை நடத்திக் காட்டுங்கள். அரைமணி நேரம் போதும்.