கிடங்கைப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு டைனிங் டேபிள் லேப் ஆயிடுச்சு மக்களே. காரணம், ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணோட ரெக்கார்டு நோட்டு.

உருளைக்கிழங்கு செல்லும் உள்ளே மாவுச்சத்து மணிகளுமா அழகா படம் வரைஞ்சிருந்தா. கீழே 'நுண்ணோக்கியில் கண்டேன்'னு எழுதி, டீச்சர் கையெழுத்தும் வாங்கியாச்சு. "நிஜத்துலயும் இப்படித்தான் இருந்துச்சாம்மா?"ன்னு கேட்டேன். "நாங்க எங்கப்பா பார்த்தோம்? போர்டுல வரைஞ்சாங்க, காப்பி பண்ணினோம்"னா, சாதாரணமா.

நான் படிச்சது பி.காம். செல்லுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது. ஆனா கிடங்குக்குப் போய் மூட்டையை எண்ணாம ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்ல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு பேங்க்ல இருக்கறவனுக்குத் தெரியும். மாவுச்சத்தும் செடி சேர்த்து வைக்கிற சரக்குதானே!

மாடி வீட்டு காலேஜ் பையன்கிட்ட நுண்ணோக்கி கடன் வாங்கினோம். உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டின இடத்தைக் கத்தியால லேசா சுரண்டி, கண்ணாடித் தகட்டுல ஒரு சொட்டுத் தண்ணியோட வச்சு மூடினோம். நூறு மடங்கு பெருக்கமே போதும். கூழாங்கல்லைக் கொட்டின மாதிரி மணி மணியா கிடக்கு! உத்துப் பார்த்தா ஒவ்வொண்ணுலயும் சிப்பி ஓட்டுல இருக்கற மாதிரி வரி வரியா வளையம். வளையத்தோட மையம் நடுவுல இல்ல, ஒரு ஓரமா இருக்கு. நோட்டுல இருந்த படத்துல வளையமே கிடையாது.

அப்புறம் வெளிர் டீ நிறத்துக்கு நீர்த்த அயோடின் ஒரு சொட்டு. (முதல்லயே ஊத்திடாதீங்க, எல்லாம் கறுத்துப்போய் வளையம் தெரியாது.) ஒரு ஓரத்துல சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் டிஷ்யூ பேப்பரை வச்சா உள்ள இழுத்துக்கும். நீலம் ஒரு பக்கத்துலேர்ந்து பரவி ஒவ்வொரு மணியா பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. பொண்ணு என்னைத் தள்ளிட்டு உக்காந்தவதான், அப்புறம் எனக்கு சான்ஸே கிடைக்கல.

அடுத்து அரிசி. உருளையோட பெரிய மணி நூறு மைக்ரான் வரைக்கும் இருக்கும். அரிசி மணி வெறும் மூணுலேர்ந்து எட்டு மைக்ரான், கோணல் மாணலா. மூணு வேளை சோறு தின்னு வளர்ந்தவன், நாப்பது வயசுக்கு மேல இப்பதான் அதோட முகத்தைப் பார்க்கறேன்.

டீச்சரை நான் குறை சொல்லல. நாப்பது பசங்க, ஒரு பீரியட், முடிக்க வேண்டிய போர்ஷன்... பாவம்தான். ஆனா ஸ்மார்ட் கிளாஸுக்குத் தனி ஃபீஸ் கட்டற நாம பேரண்ட்ஸ் மீட்டிங்ல கேக்கறது மார்க்கைப் பத்தி மட்டும்தானே? பார்க்காததைப் 'பார்த்தேன்'னு எழுதக் குழந்தைக்குப் பழக்கி விடறோம், அதுக்கு மார்க்கும் போடறோம். என் கவலை அதுதான். பூதக்கண்ணாடி விஷயத்துல காசும் சாக்கு இல்ல. ஸ்டான்ஃபோர்டுல மனு பிரகாஷ் குழு 2014-ல வெளியிட்ட காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு காட்டும். உருளை மணிக்கு அது தாராளம்.

அதுவும் எந்த ஊர்ல? 1950-லேயே செலுவாம்பா மாளிகையில மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்ச மைசூர்ல! அடுத்த மீட்டிங்ல வருஷத்துக்கு ரெண்டு பீரியடாவது நுண்ணோக்கிக்கு ஒதுக்குங்கன்னு கேக்கப் போறேன். உங்க ஊர்லயும் கேளுங்க.

இப்ப அடுத்த ஆராய்ச்சி ஓடுது. வாழைக்காய் பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையா மாறும், மணி குறையும். தேவராஜா மார்க்கெட்ல ஒரு சீப்பு காயா வாங்கி வந்து, தினம் ஒண்ணைச் சுரண்டிப் பார்க்கறா. இன்னிக்கு மூணாவது நாள். "பழுத்தா எங்களுக்கு ஏதாவது மிஞ்சுமா?"ன்னு வீட்டம்மா கேக்கறாங்க.