ஆண்டுக்குப் பதினான்கு ஆட்டங்கள்

ஆஸ்திரேலியாவில் 2026 மார்ச் மாதம் தொடங்கும் ஆசியக் கோப்பைப் பெண்கள் கால்பந்துப் போட்டிக்கு இரண்டு மாதங்கூட எஞ்சியிராத வேளையில், தாய்லாந்து மண்ணிலேயே தாய்லாந்தை வென்று அந்தப் போட்டிக்குள் நுழையும் உரிமையைப் பெற்றுத் தந்த கிறிஸ்பின் சேத்ரி வகித்த தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பில், கோஸ்டாரிகாவின் அமேலியா வல்வெர்டேயை அமர்த்தியிருக்கிறது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம். அந்த அம்மையார் 2015-லும் 2023-லும் தம் நாட்டு அணியை உலகக் கோப்பையில் நடத்தியவர். அவருடைய யோக்கியதையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆளை மாற்றினால் ஆட்டம் மாறிவிடும் என்றொரு பிரமை டில்லியில் நிலைபெற்றிருக்கிறதே, அதைக் கண்டு சும்மா இருக்க முடியவில்லை.

2025-ல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடந்த தகுதிச் சுற்றில் நம் பெண்கள் நான்கு ஆட்டங்களிலும் வென்றார்கள். 24 கோல்கள் போட்டு, ஒன்றே ஒன்று வாங்கினார்கள். இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய தாய்லாந்துக்கு எதிராகச் சங்கீதா பாஸ்ஃபோர் 29-ஆம் நிமிஷத்தில் முதல் கோலைப் போட்டார். எதிரணி சமன் செய்த பிறகு 74-ஆம் நிமிஷத்தில் வெற்றிக் கோலையும் அவரே போட்டார். முன்னேறி ஆடியதால் கிடைத்த வெற்றி அது. இப்போதோ, ஜப்பான், வியட்நாம், தைவான் ஆகிய மூன்று அணிகளோடு ஒரே பிரிவில் இருக்கிறோம் என்ற காரணத்தைச் சொல்லி, ஐந்து பேரைப் பின்வரிசையில் நிறுத்திக் கோலை அடைத்துக்கொள்வதே விவேகம் என்று சிலர் உபதேசிக்கிறார்கள். 2011-ல் உலகக் கோப்பையையே வென்ற ஜப்பானுக்கு எதிரே வேண்டுமானால் அப்படி ஆடலாம். மார்ச் 4-ஆம் தேதி பெர்த் நகரில் வியட்நாமுக்கு எதிராகவும் அதே யுக்தியென்றால், பிரேசிலுக்கு எதிராகவே கோல் போட்ட மனிஷா கல்யாண் ஓரத்தில் ஓடத் தேவையில்லை, ஊரிலேயே இருந்துவிடலாம். இந்த உபதேசிகள் தொண்ணூறு நிமிஷம் முழுமையாக ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் என்று நான் நம்பவில்லை.

உண்மையான வியாதி வேறிடத்தில் இருக்கிறது. 2024–25 பருவத்தில் இந்தியப் பெண்கள் லீகில் எட்டு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டங்கள். ஜப்பானில் பன்னிரண்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டங்கள். வித்தியாசம் எட்டுத்தானே என்று அலட்சியமாகச் சொல்லிவிடலாம். இதே விகிதம் பத்தாண்டு நீடித்தால், ஒரே வயதில் ஆடத் தொடங்கிய இரு பெண்களில் ஜப்பானியப் பெண்ணுக்கு எண்பது லீக் ஆட்டங்களின் அனுபவம் கூடுதலாகிவிடும். களைத்த எழுபதாம் நிமிஷத்தில் பந்தை எங்கே கொடுப்பது என்ற அறிவு அந்த எண்பதில்தான் விளைகிறதே தவிர, முகாமில் கரும்பலகையின்முன் உட்கார்ந்து கேட்பதில் விளைவதில்லை. மதுரையின் சேது அணி 2019-ல் இந்த லீகை வென்றபோது, போட்டி முழுவதும் லூதியானா என்ற ஒரே ஊரில் ஒரு மாதத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சேதுவின் சட்டையணிந்து ஆடிய மனிஷா, ஆட்டங்களைத் தேடிச் சைப்ரஸுக்கும் கிரேக்கத்துக்கும் பெருவுக்கும் போக நேர்ந்தது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசனுக்குக் காவல் துறை உத்தியோகம் ஆதாரமாயிற்று. 1980-ல் கோழிக்கோட்டில் இறுதியாட்டம்வரை சென்று தைவானிடம் தோற்ற தேசம், அதே தைவானை இன்று சமபலமுள்ள எதிரியென்று சொல்லிக்கொள்ளவே தயங்குகிற துர்க்கதிக்கு இந்த வறட்சியே காரணம். வேறு காரணம் தேடுவது வீண்.

எங்கள் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் வற்றியதும், மாசி மாதத்து மாலைகளில் பள்ளிப் பெண்கள் பந்தோடு இறங்குகிறார்கள். வெடித்த கரிசலில் செருப்புகளைக் குவித்துக் கோல் எல்லை வைத்துக்கொண்டு, உள்ளங்காலில் ஏறிய சீமைக்கருவேல முள்ளை ஒற்றைக்காலில் நின்றபடியே பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடியும் ஓடுகிற அவர்களில் ஒருத்தியிடம், போட்டிகளில் ஆடியதுண்டா என்று கேட்டேன். "குறுவட்டத்துல ஒரு மேட்ச்தான் சார். தோத்துட்டோம், அத்தோட சரி" என்றாள். தோற்றால் வெளியே என்பதுதான் அங்கே விதி. ஆண்டு முழுவதும் செய்த அப்பியாசத்துக்கு அவளுக்குக் கிடைத்தது ஓர் ஆட்டம்.

பெர்த்தில் முடிவு எதுவானாலும், பன்னிரண்டு அணிகள், 22 ஆட்டங்கள் என்று அடுத்த பருவத்துக்கான தீர்மானத்தைச் சம்மேளனம் இப்போதே நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினால் 2031 உலகக் கோப்பையில் நம் பெண்கள் ஆடுவது நிச்சயம் என்பது என் திடமான அபிப்பிராயம். தமிழக அரசு தன் பங்குக்குக் குறுவட்டப் போட்டியில் தோற்ற பள்ளியை வெளியேற்றும் முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு பள்ளியும் மற்றெல்லாப் பள்ளிகளோடும் ஆடும்படி வரும் கல்வியாண்டிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு வேண்டியவை பஸ் செலவும் சில பந்துகளும், சனிக்கிழமைகளில் மைதானத்துக்கு வரச் சம்மதிக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுமே.