பாதை யாருடைய சொத்து?

நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு, பத்திரம் உண்டு, எல்லைக்கல் உண்டு. ஆனால், அந்த நிலத்தின் ஊடே மனிதர்கள் பல்லாண்டுக் காலம் நடந்து நடந்து உண்டாக்கிய பாதைக்குச் சொந்தக்காரர் யார்? நிலத்தை வாங்கியவரா, நடந்தவர்களா? நடந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதே என் கருத்து. சென்ற ஆண்டு மே மாதம், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் இங்கிலாந்தில் இருந்தபோது, ஒரே நாளில் 26 கிலோமீட்டர் தனியாக நடந்ததில் இந்தக் கருத்து எனக்கு உறுதிப்பட்டது.

பென்னைன் வே என்பது இங்கிலாந்தின் முதல் தேசிய நெடுநடைப் பாதை. 1965-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஈடேல் என்ற சிற்றூரில் தொடங்கி, 268 மைல் கடந்து, ஸ்காட்லாந்து எல்லைக்கு அப்பால் முடிகிறது. அதில் ஈடேல் முதல் குரோடன் வரையிலான முதல் பகுதியை மட்டும் நடப்பதென முடிவு செய்தேன். கைப்பேசியில் பாட்டியிடம் சொன்னேன். "ஏம்மா, அவ்ளோ தூரம் காசு செலவு பண்ணிப் போயி நடக்கவா போற? நாங்க நடந்தது பத்தாதா?" என்றார். விடியுமுன் எழுந்து முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். அவருக்கு நடை என்பது வேலை, பொழுதுபோக்கு அன்று.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு பாதை ஒரு பண்ணை முற்றத்துக்குள்ளேயே நுழைந்தது. அடுத்தவர் வீட்டு வாசல் வழியாகப் போவதா என்று நம் ஊர்ப் பழக்கத்தில் கால் தயங்கியது. தீவன மூட்டையைத் தூக்கிச் சென்ற பண்ணைக்காரர் காலை வணக்கம் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார். எங்கே போகிறாய், யாரைக் கேட்டு வந்தாய் என்ற கேள்வியே எழவில்லை. வாயிற்கதவைத் திறந்தால் மீண்டும் சாத்த வேண்டும்; எனக்கிருந்த கடமை அவ்வளவே. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய பொதுவழிகள் உள்ளன. பெரும்பாலானவை தனியார் நிலத்தில்தான் செல்கின்றன. நிலம் கைமாறலாம், வழியை மறிக்க முடியாது.

இந்த உரிமை தானாகக் கனியவில்லை. ஜேக்கப்ஸ் லேடர் எனும் செங்குத்தான கற்படிகளில் ஏறி, கிண்டர் ஸ்கவுட் மேட்டின் விளிம்பை அடைந்தேன். எதிர்க்காற்றில் அருவிநீர் மேல்நோக்கிச் சிதறிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் கரிய சேற்றுமண். ஆள் அரவமே இல்லை. ஒரு காலத்தில் இந்த மேடு முழுவதும் செல்வந்தர்கள் பறவை வேட்டையாடுவதற்காகப் பூட்டிவைத்த நிலமாக இருந்தது. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், நானூறு பேர் அளவில் தடையை மீறி இம்மேட்டில் ஏறினர். பெரும்பாலோர் மான்செஸ்டர் வட்டாரத்துத் தொழிலாளர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. ஐவர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். ராத்மனுக்கு நான்கு மாதம். பல்கலைக்கழக விடுதியில் அமர்ந்து இதைப் படிக்கும் நம்மில் பலரைவிட அவர் இளையவர் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்!

பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1949-இல், தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பொதுவழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் பதிய வேண்டும் என்று அது விதித்தது. 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமோ, மக்கள் ஒரு வழியை 20 ஆண்டுகள் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, எவரிடமும் அனுமதி கேளாமல் பயன்படுத்தியிருந்தால், நிலக்காரர் தமக்கு அந்த எண்ணம் இல்லை எனக் காட்டாதவரை, அது பொதுவழியாகக் கருதப்படும் என்கிறது.

நண்பகலுக்குப் பின் பாதை சதுப்புநிலத்தில் இறங்கியது. அங்கே அகலமான கற்பலகைகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். மூடப்பட்ட பருத்தி ஆலைகளின் தளத்திலிருந்து பெயர்த்தெடுத்த கற்கள் அவற்றில் பல. வாரமெல்லாம் ஆலையில் நின்று உழைத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை மூச்சுவிட இம்மலைக்கு வந்தார்கள். அவர்கள் நின்ற தளமே இன்று மலைப்பாதையாகிவிட்டது. பிளீக்லோ மேட்டைக் கடந்து, நீர்த்தேக்கத்தின் அணைமீது நடந்து, மாலை ஆறரை மணிக்குக் குரோடனை அடைந்தபோது கால் கொப்புளித்திருந்தது, மனம் நிறைந்திருந்தது.

இங்கிலாந்தைச் சொர்க்கமாகக் காட்டுவது என் நோக்கமன்று. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் பாதையை விட்டு விலகியும் சுற்றித் திரிய இடமளித்தது. ஆயினும், அது இங்கிலாந்து நிலப்பரப்பில் ஏறக்குறைய 8 விழுக்காட்டுக்கே பொருந்துகிறது. நடப்பவர்களாலும் கேடு உண்டு. ஆயிரமாயிரம் காலடிகள் சேற்றுமண்ணை அரித்ததால்தான் கற்பலகை பதிக்க நேர்ந்தது. உரிமை இருந்தால் பராமரிப்புச் செலவும் இருக்கும். அதை மறுப்பதற்கில்லை.

இனி நம் நிலைமைக்கு வருவோம். பாட்டியின் தோட்டத்தில் லயத்திலிருந்து கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் ஒரே ஒற்றையடிப் பாதை. மூன்று தலைமுறை நடந்த பாதை அது. தோட்டம் விற்கப்பட்டதும் குறுக்கே வேலி வந்தது. இன்று பிள்ளைகள் லாரிகள் ஓடும் பெருஞ்சாலை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நம் தேசிய நிலச் சட்டப்படி, நீண்டகாலம் நடந்ததால் மட்டும் வழியுரிமை பிறப்பதில்லை. முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இருபது ஆண்டு அங்கே உரிமையாகிறது. அறுபது ஆண்டு இங்கே வெறும் நினைவாகிறது. பத்திரத்தில் ஐயம் வரக்கூடாது, நிலம் வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பது இந்தச் சட்டத்தின் நியாயம். அதை ஏற்கிறேன். ஆனால், பதிவுதான் வழி என்றால், பதிவு செய்யும் வேலையை யார் தொடங்குவது?

நாம்தான் தொடங்க வேண்டும். மொழிக்கழகத்தினர் தோட்டங்களுக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம், தமிழ்விழா நடத்துகிறோம். அவ்வாறு செல்லும்போது, அங்குள்ள பெரியவர்களோடு ஒரு காலைப்பொழுது நடப்போமே! கோயிலுக்கு எது வழி, சுடுகாட்டுக்கு எது வழி, எந்த ஆண்டிலிருந்து நடக்கிறார்கள் என்று கேட்டு வரைபடத்தில் குறிப்போம். வழக்கறிஞர்களாகவும் நில அளவையாளர்களாகவும் விளங்கும் முன்னாள் மாணவர்கள், தோட்டம் கைமாறும் முன்பே அந்த வழிகளை மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கக் கோரும் மனுவை எழுதித் தரட்டும். வேலி போட்ட பிறகு கூடி அழுவதைக் காட்டிலும், வேலி வருமுன் ஒரு வரைபடம் கையில் இருப்பது மேல். நடந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் வழியைக் குறித்துக்கொள்ள இதுவே காலம்.