விளிம்பு வளைந்தால் லென்ஸ் வீணாகிவிடுமா?

மாணவர்களே, கேமரா கை தவறி விழும்போது பெரும்பாலும் லென்ஸின் முன்விளிம்புதான் முதலில் அடிபடும். அதன் உட்புறத்தில், ஃபில்டரைத் திருகி மாட்டுவதற்கான மரை இருக்கிறது. போத்தல் மூடியில் பார்ப்பீர்களே, அதுபோன்றது. விளிம்பு நசுங்கினால் ஃபில்டர் ஏறாது. அதற்காக லென்ஸை ஒதுக்கிவிடாதீர்கள். கண்ணாடியில் கீறல் இல்லாமல், குவியமும் சரியாக அமைந்தால் அது நல்ல லென்ஸ்தான்.

பல லென்ஸ்களில் மரையின் இடைவெளி 0.75 மில்லிமீட்டர். ஒரு முழுச் சுற்றுக்கு ஃபில்டர் அவ்வளவுதான் உள்ளே நகரும். இத்தனை நுண்ணிய மரையில் பலத்தைக் காட்டக்கூடாது. முதலில் ஃபில்டரை இடஞ்சுழியாக மெல்லத் திருப்புங்கள். மரையின் தொடக்கம் வந்ததும் சிறு இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலஞ்சுழியாகத் திருகுங்கள்.

நசுங்கிய அலுமினிய விளிம்பு தானாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. பழுதுபார்ப்பவர்கள் அதை உள்ளிருந்து வெளிப்புறமாகத் தள்ளும் கருவியால், சிறிது சிறிதாக நிமிர்த்துவார்கள். வீட்டில் குறட்டால் நெம்பாதீர்கள். திரும்பத் திரும்ப வளைத்தால் அலுமினியம் கடினமாகி விரிசல் விடும். பிளாஸ்டிக் விளிம்பு பெரும்பாலும் உடைந்தே போகும். அதை மாற்றத்தான் வேண்டும்.

பாதுகாப்புக்கு ஃபில்டர் போடுங்கள் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீழே விழுந்தால் ஃபில்டரின் வளையமும் சேர்ந்து நசுங்கி, மரையில் இறுகிக்கொள்ளும். லென்ஸ் ஹூட் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அடியை முதலில் அதுவே வாங்கும். பக்கவாட்டு வெயிலையும் மறைக்கும். வாங்கும்போது வெளிப்புறப் பள்ளத்தில் மாட்டும் வகையைக் கேளுங்கள். மரையிலேயே திருகும் ஹூட்டுகளும் கடையில் உண்டு.